தேதி சொல்லும் கதை: அகதியா? குடிமகனா?



உங்களைப் பள்ளியில் சேர்த்த அன்று, தலைமையாசிரியர் ஒரு பெரிய பதிவேட்டில் உங்களைப் பற்றி எழுதியிருப்பார். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர்... அதில் 'தேசிய இனம்' என்றும் ஒரு கட்டம் உண்டு. உங்களில் அநேகமாக எல்லோருக்கும் அங்கே 'இந்தியன்' என்றுதான் இருக்கும். அதை நாம் கவனிப்பதே இல்லை.

தஞ்சை மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, இலங்கையிலிருந்து வந்த இரண்டு சிறுவர்களுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். 1983 ஜூன் மாதம் சேர்ந்தவனுக்கு 'இந்தியன்' என்று எழுதினேன். 1990இல் சேர்ந்தவனுக்கு 'இலங்கை' என்று எழுதினேன். இருவரும் தமிழ்ப் பிள்ளைகள். இருவரும் கடல் தாண்டி வந்தவர்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தேயிலை மலைக்குப் போனவர்கள்

வெள்ளைக்காரர்கள் இலங்கை மலைகளில் முதலில் காபி, பிறகு தேயிலை பயிரிட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே! தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளில் வறுமையில் வாடிய மக்களைக் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். அவர்களிடம் யாரும் குடியுரிமை பற்றிக் கேட்கவில்லை. பிற்காலத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதித்து அனுப்பினார்கள். உழைக்கும் கை தேவைப்பட்டது; கதவு திறந்திருந்தது.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழர்களில் பெரும்பாலோர் 'நாடற்றவர்கள்' ஆனார்கள். இலங்கையும் அவர்களைத் தன் மக்கள் என்று சொல்லவில்லை, இந்தியாவும் சொல்லவில்லை.

1964 அக்டோபர் 30இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அப்படி இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். பலரும் முதலில் தங்கியது அதே மண்டபம் முகாமில்தான்! என் முதல் மாணவனின் குடும்பம் இப்படி வந்தது. அதனால் அவன் 'இந்தியன்'.

படகில் வந்தவர்கள்

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. பிறகு போர் மூண்டது. உயிர் பிழைக்க மக்கள் படகில் ஏறித் தமிழகக் கரைக்கு வந்தார்கள். மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக நிறைந்தது. என் இரண்டாவது மாணவன் இவர்களில் ஒருவன்.

நம் ஊர் மக்கள் அவர்களை அன்போடு வரவேற்றார்கள். பள்ளிகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. ஆனால், 1991இல் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அதன் பிறகு கட்டுப்பாடுகள் கடுமையாயின. 1992இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணியும் தொடங்கியது. யாரோ சிலர் செய்த குற்றத்தின் நிழல், புத்தகப் பையோடு பள்ளிக்கு வந்த சிறுவன் மீதும் விழுந்தது.

இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1951இன் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் அவ்வப்போது அரசு போடும் உத்தரவுதான் அகதியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

பிறந்த நாள் செய்யும் வேலை

ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம் என்றால், ஆகஸ்ட் 1இல் பிறந்தவன் என்ன செய்வான்? ஓர் ஆண்டு காத்திருப்பான். குடியுரிமையிலும் இப்படித் தேதிகள் உண்டு. அங்கே காத்திருப்பு ஓர் ஆண்டில் முடிவதில்லை!

* 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பொதுவாக இந்தியக் குடிமகன்.
* 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்: பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.
* 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

அனுமதியின்றிப் பலர் வருகிறார்கள் என்பதே விதியை இறுக்கியதற்கு அரசு சொன்ன காரணம். 2019இல் வந்த திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்குக் குடியுரிமை பெற வழி செய்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

மாற்றம் எப்போதும் இறுக்கமாகவே இருப்பதில்லை. 2003இல் இலங்கை, தன் மண்ணில் மிச்சமிருந்த நாடற்ற மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை தரச் சட்டம் செய்தது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகளும் அறிவித்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனால், அது குடியுரிமை அல்ல.

கனடாவைப் பாருங்கள். 1914இல் 'கோமகட்டா மாரு' கப்பலில் வந்த இந்தியர்களில் பெரும்பாலோரை இறங்கவே விடாமல் திருப்பி அனுப்பியது. அதே கனடா, 1986இல் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களைக் காப்பாற்றி ஏற்றுக்கொண்டது. 2016இல் பழைய தவறுக்கு மன்னிப்பும் கேட்டது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தன் எல்லைக்குள் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது ஒரு நாட்டின் கடமை. அதில் தவறில்லை. ஆனால், என் இரண்டாவது மாணவன் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டான். அவன் மகள் இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் படிக்கிறாள். இலங்கையை அவள் பார்த்ததே இல்லை. எந்த எல்லையையும் தாண்டாத அவளுக்கும் அந்தக் கட்டத்தில் 'இலங்கை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் மழை, வெயில் போலத் தானாக வருவதில்லை. தேவை, பயம், இரக்கம் இவற்றால் மனிதர்கள் எழுதுவது. எழுதியதைத் திருத்தவும் முடியும். நாளை நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். சிலர் அதிகாரியாகவும் அமைச்சராகவும் ஆவீர்கள். அந்தச் சிறுமியின் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? இன்றைக்கே வீட்டில் பேசிப் பாருங்களேன்!