கிடையும் கரிசலும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நிலம் வானம் பார்த்த நிலமாகும். குண்டாறு அவ்வழியே செல்லினும் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே காட்சியளிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே கரிசற் புஞ்சைகளில் சோளமும் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் விளைகின்றன. இத்தகைய நிலத்தில் யூரியாவை மட்டும் தூவிவிட்டு விளைவை எதிர்பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதை ஒக்கும்.

யூரியா நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உடையது. அதனைப் பழித்தல் அறிவுடைமையன்று. குறை உரத்தில் இல்லை; இடும் முறையிலும் மண்ணின் வறுமையிலும் உள்ளது. கரிசல் மண் சுண்ணாம்பு கலந்தது, காரத்தன்மை மிக்கது. அதன் மேற்பரப்பில் கிடக்கும் யூரியா சிறிது ஈரம் பட்டதும் அம்மோனியாவாகி ஆவியாய்ப் போகும். எஞ்சியது நைட்ரேட்டாக மாறும். பெருமழை பெய்து களிமண்ணில் நீர் தேங்குமாயின், நுண்ணுயிர்கள் அதனையும் வளியாக்கி வெளியேற்றிவிடும். கடன்பட்டு உரம் வாங்கும் உழவனுக்கு இஃது எத்துணைப் பெரிய இழப்பு!

மக்குப் பொருள் நிறைந்த மண் இச்சத்தைப் பற்றி வைத்துப் பயிருக்குச் சிறிது சிறிதாக வழங்கும். அதற்கு இந்நாட்டார் கண்ட வழிகளுள் தலையாயது கிடை போடுதல். அறுவடை முடிந்த புஞ்சையில் ஆட்டுமந்தையை இரவில் அடைப்பர். பின்னர்க் கிடையை அடுத்த பகுதிக்கு மாற்றுவர். புழுக்கையும் சிறுநீரும் வண்டிக்கூலியின்றி நிலத்திற் சேரும். காலந்தாழ்த்தாது உழுது மூடாவிடின் சிறுநீரின் சத்தும் ஆவியாகிவிடும் என்பதை மறத்தல் கூடாது.

இங்கிலாந்து நாட்டு ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843ஆம் ஆண்டு முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து ஆராய்ந்து வருகின்றனர். ஆண்டுதோறும் தொழுவுரம் பெற்ற பகுதியின் மண்ணில், எருவே பெறாத பகுதியினும் இருமடங்குக்கு மேற்பட்ட தழைச்சத்து சேர்ந்துள்ளது. தொழுவுரத்தோடு செயற்கை உரமும் பெற்ற பகுதியே மிக்க விளைவு தருகின்றது. கரிசல் உழவர்க்கும் இரண்டும் வேண்டும். எருவே முதலில் வேண்டும்.

ஆடுகள் எல்லாப் புஞ்சைக்கும் போதுமா என வினவுவர். போதா. ஆங்கு வேப்பம் புண்ணாக்கு துணை நிற்கும். யூரியா நைட்ரேட்டாக விரைந்து மாறாமல் அது தடுக்கும். ஐந்து பங்கு யூரியாவுடன் ஒரு பங்கு புண்ணாக்குத் தூளைக் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் முறை வேளாண் துறையார் பரிந்துரைப்பதே. உள்நாட்டில் ஆக்கப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என 2015ஆம் ஆண்டில் இந்திய அரசும் ஆணையிட்டது.

மேய்ச்சல் நிலங்களையும் கண்மாய்க் கரைகளையும் சீமைக்கருவேல் அடைத்துக் கொண்டமையால் மந்தைகள் செல்லும் வழி குறுகிவிட்டது. அவ்வழிகளை ஊராட்சிகள் வெட்டித் திறந்துவிடல் வேண்டும். ஆனி, ஆடித் திங்கள்களில் பெண்டிர் பொறுக்கி விற்கும் வேப்பமுத்து செக்குக்குச் சென்றபின், அதன் புண்ணாக்கில் ஒரு பங்கேனும் அவ்வூர்ப் புஞ்சைக்கே திரும்பி வரல் வேண்டும்.