ஒரு லட்சம் பவுண்டும் ஒரு பாட்டியும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் விமானச் சத்தம் கேட்டு யாரும் மாடிக்கு ஓடுவதில்லை. பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். பைலட்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. ராணுவ விமானம் என்றால் அரசாங்கத்தின் காசு. அதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆனால், அரசாங்கம் கையை விரித்தபோது ஒரு பாட்டி பர்ஸைத் திறந்த கதையும் உண்டு.

அவர் பெயர் லூசி ஹூஸ்டன். 1857-ல் லண்டனில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். மேடையில் குழு நடனம் ஆடிக்கொண்டிருந்தவர், 16 வயதில் ஒரு பணக்காரருடன் பாரிஸுக்குப் போய்விட்டார். அவர் இறந்தபோது இவருக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு எழுதிவைத்தார். அதற்குப் பிறகு மூன்று கல்யாணம். கடைசிக் கணவர் கப்பல் அதிபர் ராபர்ட் ஹூஸ்டன். உயிலில் பத்து லட்சம் பவுண்டு எழுதியிருப்பதாக அவர் காட்ட, 'என் மதிப்பு இவ்வளவுதானா?' என்று லூசி கிழித்துப் போட்டாராம். 1926-ல் கணவர் இறந்தபோது கைக்கு வந்தது சுமார் 55 லட்சம் பவுண்டு!

பிரதமர் ராம்சே மெக்டொனால்டை இவருக்குக் கண்டாலே ஆகாது. அவரைத் துரோகி என்று மின்விளக்கு எழுத்துகளில் தன் சொகுசுக் கப்பலில் எரியவிட்டார். 1931-ல் ஸ்னைடர் கோப்பை விமானப் பந்தயத்துக்குப் பணமில்லை என்று அந்த அரசு சொன்னதும், லூசி ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். போட்டிக்கு வேறு நாடு எதுவும் வராததால் பிரிட்டன் தனியாகவே பறந்து கோப்பையை வென்றது என்பது வேறு விஷயம். அதே செப்டம்பரில் அந்த விமானம் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியது. அதை வடிவமைத்த மிட்செல்தான் பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையும் வடிவமைத்தார்.

அடுத்து, நம் நாட்டுக்கே வருகிறது அவருடைய பணம். 1933 ஏப்ரல் 3, பீகாரின் பூர்ணியா. இரண்டு விமானங்கள் கிளம்பி, முதல்முறையாக எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறந்தன. மின்சாரத்தால் சூடேற்றிய உடை, ஆக்சிஜன் குழாய் சகிதம் பறந்தார்கள். ஒளிப்பதிவாளர் பானெட்டின் குழாய் நடுவானில் உடைந்தது. கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு மயங்கியவர் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்தப் பயணத்தைப் பற்றிய படம் பிறகு ஆஸ்கரே வாங்கியது.

இவ்வளவு தாராளம் எதற்காக? இந்தியாவுக்குச் சுயாட்சி கொடுப்பதை லூசி கடுமையாக எதிர்த்தவர். பிரிட்டிஷ்காரர்களின் வீரம் குறையவில்லை என்று இந்தியர்களுக்குக் காட்டவே இமயத்தில் பறக்கச் சொன்னார். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அந்தத் துணிச்சலை ரசிக்கலாம். அவர் யாரை மட்டம்தட்ட நினைத்தாரோ, அந்தப் பட்டியலில் நம் தாத்தா பாட்டிகளும் இருந்தார்கள் என்பதை எப்படி மறப்பது?

முதல் பயணத்தில் தூசி மறைத்ததால் வரைபடத்துக்கான படங்கள் சரியாக வரவில்லை. 'வென்றது போதும், மலையைச் சோதிக்காதீர்கள்' என்ற பொருளில் லூசி தந்தி அடித்தார். பைலட்கள் கேட்கவில்லை. ஏப்ரல் 19-ல் மறுபடி பறந்து, விட்டுப்போன படங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். 1951-ல் நேபாளப் பக்கமாக எவரெஸ்ட்டுக்கு வழி தேடியவர்கள், 1933-ன் படங்களையும் மேஜையில் பரப்பிவைத்துத்தான் ஆராய்ந்தார்கள்.