கடற்சட்டம் கரைமொழியில் வேண்டும்

சட்டத்தை அறியாமை குற்றத்தினின்று தப்புவதற்குக் காரணமாகாது என்பது வழக்குமன்றங்கள் ஒப்புக்கொண்ட நெறி. சட்டம் அறியத்தக்க மொழியில் இருக்கும்பொழுதே அந்நெறி அறமாகும். அறியவொண்ணா மொழியில் ஆணை பிறப்பித்துவிட்டு, ‘அறியாமற்போனது உன் குற்றம்’ என்று ஒறுப்பது என்ன முறை? இவ்வினா இன்று தூத்துக்குடித் தோணித்துறையில் எழுந்து நிற்கின்றது.

2025ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் கடல்வணிகம் பற்றி ஐந்து சட்டங்களை இயற்றியது. 1856ஆம் ஆண்டின் சரக்கேற்றுச் சீட்டுச் சட்டம், 1908ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டம், 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரவுச் சட்டம் என வெள்ளையர் விட்டுச்சென்ற மூன்றனுக்கும், 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டத்திற்கும் மாற்றாக நான்கு சட்டங்கள் வந்தன. கரையோரக் கப்பல் வணிகத்திற்கெனத் தனிச்சட்டம் ஒன்றும் அமைந்தது. வெள்ளையன் சட்டம் போயிற்று, நன்று. வெள்ளையன் மொழி போயிற்றா? இல்லை. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, சட்டத்தின் செல்லத்தக்க மூலம் ஆங்கிலமே.

இச்சட்டங்கள் பெருங்கப்பல் முதலாளிகளை மட்டும் பற்றியன என்று எண்ணற்க. புதிய வணிகக் கப்பற் சட்டத்தில் ‘கலம்’ என்பதன் பொருள் விரிந்துள்ளது. இயங்கும் முறை எதுவாயினும், எடை எத்துணையாயினும், கலங்கள் பதிவு பெறல் வேண்டும். நடுவணரசு விலக்களிக்கும் வகைகளே அதற்குப் புறம்பு. ஒரு கலத்தில் இந்தியர்க்கு எத்துணைப் பங்கு உடைமை இருத்தல் வேண்டும் என்பதையும் நடுவணரசு தன் அறிவிக்கையால் வரையறுக்கலாம். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றிச் செல்லும் தோணியின் உரிமையாளர், தம் கலம் எவ்வகையுள் அடங்கும் என்பதை யாரிடம் கேட்டறிவார்? தண்டலுக்குக் காற்றின் போக்குத் தெரியும், நீரோட்டம் தெரியும், ஆங்கில அறிவிக்கையின் போக்கு எங்ஙனம் தெரியும்? முகவரும் வழக்குரைஞரும் சொன்னதே அவர்க்குச் சட்டமாகின்றது. சொல்பவர்க்குக் கூலி, தவறினால் தோணிக்காரர்க்குத் தண்டம்!

சட்டமும் கடலும் வணிகமும் எங்ஙனம் பின்னிக்கிடக்கின்றன என்பதை இக்கரை முன்னரே பட்டறிந்துள்ளது. வ.உ.சிதம்பரனார் 1906இல் பத்து இலக்கம் உருபா முதலீட்டுத் திட்டத்துடன் சுதேசி நாவாய்ச் சங்கத்தைச் சட்டப்படியே பதிவு செய்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்களைக் கொணர்ந்தார். 1908இல் அவ்வரசின் சட்டமே அவரைச் சிறைப்படுத்தியது. பழைய துறைமுகச் சட்டம் பிறந்ததும் அதே 1908ஆம் ஆண்டில்தான்! சட்டம் எவர் கையில், எம்மொழியில் உள்ளதோ, அவர்க்கே அது முதற்கண் பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘கப்பல் வணிகம் உலக வணிகம், அதற்கு ஆங்கிலமே தகும்’ என்பர் சிலர். ஒரு கோடி மக்களும் இல்லாத நார்வே, உலகக் கப்பல் வணிகத்தில் தலைசிறந்து நிற்பது. அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுக் கடற்சட்டம் நார்வே மொழியிலேயே உள்ளது. அயல்நாட்டாரோடு செய்யும் ஒப்பந்தம் அயன்மொழியில் இருக்கட்டும். தன் குடிகளை ஆளும் சட்டம் குடிகளின் மொழியில் இருத்தலே ஆட்சி முறை. கொற்கையில் முத்து விற்றவனும், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின்மேல் புலிப்பொறி இட்டவனும் எம்மொழியில் கணக்கு வைத்தான்? கலம், நாவாய், வங்கம், துறை, உல்கு என்னும் சொற்கள் வணிகத்தில் வழங்கிய சொற்களல்லவோ?

இங்கே இன்னுமொரு வேறுபாட்டைக் காண்க. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், சட்டவரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பெறும்பொழுதே அதன் இந்தி மொழிபெயர்ப்பும் உடன் வர வகை செய்துள்ளது. தமிழுக்கு அவ்வாறில்லை. நடுவணரசுச் சட்டங்களின் தமிழ் மொழிபெயர்ப்பும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு வெளியிடப்பெற்றால் செல்லத்தக்க மூலமாகும் என்கின்றது 1973ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும், எந்நாளுக்குள் வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. இந்திக்கு வரைவிலேயே இடம்; தமிழுக்கு இயற்றி முடித்த பின்னரே இடம். இதுதான் சமன்மையா?

ஆகவே செய்யத்தக்கன மூன்று. ஐந்து சட்டங்களின் தமிழ் மூலமும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் செல்லத்தக்கதாக விளங்க வேண்டும். பதிவு, விலக்கு, கட்டணம் பற்றிய ஒவ்வோர் அறிவிக்கையும் வெளிவரும் அன்றே தமிழிலும் வெளிவர வேண்டும். சிறு துறைமுகங்கள் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் ஆளுகையில் உள்ளன. அவ்வாரியத்தின் விதிகளும் படிவங்களும் தமிழிலேயே அமைவதற்குத் தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டிலேயே தமிழ், சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று.

தமிழன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கலைச்சொல்லைப் படைத்து ஏட்டில் அடுக்கி வைத்தால் போதாது. அச்சொல் சரக்கேற்றுச் சீட்டில் ஏறவேண்டும். பதிவுப் படிவத்தில் நிற்கவேண்டும். சிதம்பரனார் வழக்கறிஞர், கப்பலோட்டியவர், தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்த தமிழறிஞர். சட்டமும் கடலும் தமிழும் அவரிடத்தில் ஒன்றாயிருந்தன. துறைமுகத்திற்கு அவர் பெயரைச் சூட்டியாயிற்று. அங்குச் செல்லும் சட்டத்திற்கு அவர் மொழியைச் சூட்டுவது எந்நாள்?