அரிசிக்குத்தான் போனோம், அதற்கென்ன?

‘அரிசிக் கிறிஸ்தவன்’, ‘பால்பவுடர் கிறிஸ்தவன்’. கிறிஸ்தவப் பெயர் வைத்திருக்கும் தலித் இளைஞர்கள் இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. நான் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் ஷிப்ட் பஸ் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் சுற்றியது. வெள்ளை அங்கி போட்ட வெள்ளைக்காரர்; ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் அரிசி மூட்டை. எதிரே எலும்பும் தோலுமாக ஒருவர் கையேந்தி நிற்கிறார். ‘இப்படித்தான் மாறினார்கள்’ என்று கீழே ஒரு வரி. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

இப்படி ஒன்று வந்தால் நம் ஆட்கள் பதறிப்போய் ஒரு பதில் சொல்வார்கள்: ‘இல்லை, எங்கள் முன்னோர் உண்மையான விசுவாசத்தால்தான் மாறினார்கள்.’ இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. எதிரி வைத்த பரீட்சையில் போய் உட்கார்ந்து பாஸ் மார்க் கேட்கிற பதில் இது. அரிசிக்கும்தான் போனார்கள். நிலத்துக்குப் போனார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், மிராசுதார் போட்ட பொய் வழக்கில் தங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று போனார்கள். களத்துமேட்டில் நெல்லை அடித்துக் குவித்தவர் வீட்டில் அரிசி இல்லை என்றால், கேள்வியை நெல்லை அளந்து பூட்டியவரிடம் அல்லவா கேட்க வேண்டும்?

சரி, அந்தப் படத்தில் இருக்கும் வெள்ளைக்காரரைக் கொஞ்சம் பார்ப்போம். நம் பகுதிக்கு அப்படி நிஜமாகவே வந்தவர்கள் உண்டு. வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்தவர், வெஸ்லியன் மிஷன்காரர். 1882-ல், இருபதுகளின் நடுவயதில் கப்பலேறி வந்து, திருவள்ளூர், இக்காடு பக்கம் வேலை செய்தார். இன்னொருவர் ஆடம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் மிஷனரி. சிங்கபெருமாள் கோயில் பக்கம் மல்ரோசாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறதல்லவா? அது 1890-களில் சேரி மக்களைக் குடியேற்றி அந்த மிஷன் உண்டாக்கிய குடியிருப்பு. மெல்ரோசாபுரம் என்ற பெயர் நம் வாயில் உருண்டு மல்ரோசாபுரம் ஆகிவிட்டது. இன்று அந்தப் பக்கம் போகிற தொழிற்சாலை பஸ்களில் இருப்பவர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர்.

இப்படி வந்த இளைஞர்களின் அன்றாடம் எப்படி இருந்தது? முதலில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு வெயில் தணிந்த மாதங்களில் கூடாரத்தையும் சமையல் சாமானையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சேரிப் பள்ளியில் பிள்ளைகளைக் கேள்வி கேட்பது, காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுப்பது, மாலையில் பாட்டும் பிரசங்கமும். இரவு விளக்கு வெளிச்சத்தில் தாய்நாட்டுச் சபைக்கு அறிக்கை எழுத வேண்டும்: இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், இவ்வளவு பணம் தேவை. ஆன்மாவை மீட்கத்தான் வந்தார்கள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. பாவம், இரட்சிப்பு, நித்திய ஜீவன் என்பதுதான் பெட்டியில் கொண்டுவந்த சரக்கு. ஆனால் சேரியில் கூடாரம் அடித்தவரிடம் சேரி வேறு பேச்சைப் பேசியது.

அந்தப் பேச்சைக் கேட்டதும் மிஷனரிகளுக்கு வந்தது சந்தேகம்தான். ‘அரிசிக் கிறிஸ்தவன்’ என்ற வசையை ஆர்.எஸ்.எஸ். கண்டுபிடிக்கவில்லை தோழர்களே, அது மிஷனரிகளின் வாயிலேயே புழங்கிய சொல். 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில், ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து மாதிகா மக்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் பஞ்சம் முடியும்வரை ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வருகிறார்களோ என்ற பயம். 1878 ஜூலையில் மறுபடி ஆரம்பித்தபோது ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நிவாரணச் சோறு நின்ற பிறகும் வந்தார்கள்!

இதை வைத்து ‘பார்த்தாயா, உண்மையான விசுவாசம்தான்’ என்று வாதாட நான் வரவில்லை. பசியைத் தனியாகவும் பக்தியைத் தனியாகவும் எடுத்து வைத்துப் பார்க்க முடிவது வயிறு நிறைந்தவர்களுக்குத்தான். கிறிஸ்தவர்கள் அன்றாடம் சொல்லும் ஜெபத்திலேயே அன்றைக்கான அப்பத்தைக் கேட்கும் வரி இருக்கிறது. மழை வேண்டி யாகம் நடத்துகிறவரையும், வியாபாரம் செழிக்க உண்டியலில் பணம் போடுகிறவரையும் யாராவது ‘மழை இந்து’, ‘லாப இந்து’ என்று சொல்லியிருக்கிறார்களா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்ட்ரூ சேர்ந்திருந்த அதே ஸ்காட்லாந்து சபைதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தது. 1862-ல் இருபத்துநான்கு வயதில் வந்த வில்லியம் மில்லர் அதைப் பெரிய கல்லூரியாக்கினார். மேல்சாதியாருக்குக் கல்வி கொடுத்தால் கிறிஸ்தவத்தின் சாரம் மெல்ல மெல்லச் சமூகம் முழுக்க இறங்கும் என்பது அவர் கொள்கை. பார்ப்பனர்களும் பிற சாதி இந்துக்களும் போய் உட்கார்ந்தார்கள், ஆங்கிலம் கற்றார்கள், உத்தியோகம் வாங்கினார்கள், பெரும்பாலோர் மதம் மாறாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். மிஷன் காசில் படித்து மிஷனுக்கே கைகாட்டிவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடம் ‘எதற்காகப் போனாய்’ என்று கேட்கிறார்கள்.

இனி சேரி பேசிய பேச்சுக்கு வருவோம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை கெட்டியாக இருந்தது. சட்டப்படி அடிமை முறை 1843-லேயே ஒழிந்துவிட்டது. நடைமுறையில் கடன் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாகக் கிடந்தார்கள். குடிசை நிற்கும் இடம்கூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்தின் மேல் முதல் உரிமை ஊர் மிராசுதாருக்கு. அவர் ‘எனக்கு வேண்டும்’ என்று சொன்னால் போதும், மனு செத்தது. உழுவதற்காக அவர் அதைக் கேட்பதில்லை. அவனுக்கு ஒரு காணி சொந்தமாகிவிட்டால் நாளைக்கு நம் வயலுக்கு யார் வருவார் என்பதற்காகக் கேட்பார்.

இந்த நுணுக்கமெல்லாம் ஷெட்லாந்திலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? சேரி சொல்லித்தான் தெரியும். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்கள் கூடவே தர்க்காஸ்து மனுவையும் கொண்டுவந்தார்கள். கௌடி 1894-ல் ‘ஹார்வெஸ்ட் ஃபீல்டு’ என்ற மிஷன் பத்திரிகையில் பறையரையும் நிலத்தையும் பற்றி எழுதியது அந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான். அதற்கு முன்பே, 1891-ல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றிய தன் அறிக்கையை அரசுக்குக் கொடுத்திருந்தார். மிஷனரிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்று அரசு இழுத்தடித்தது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கமாக இயக்கங்கள் சுட்டுவது அந்த ஆணையைத்தான். மிஷனரிகளும் அரசும் மிராசுதார்களும் இதில் ஆடிய ஆட்டத்தை ரூபா விஸ்வநாத் 2014-ல் வந்த ‘தி பறையா ப்ராப்ளம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார், வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893-ல். நம் ஆட்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்து வெள்ளைக்காரர் வந்து வாய் கொடுத்தார் என்ற கதை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பொய்.

‘எந்தப் பக்கமிருந்து வந்தாலும்’ என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். சபை ஆண்டு விழாக்களில் மிஷனரிகளுக்கு மாலை போட்டு ‘இருளில் கிடந்த நமக்கு வெளிச்சம் தந்தார்கள்’ என்று பேசுகிறார்களே, அந்த மேடைக்கும் வாட்ஸ்அப் படத்துக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் நம் பாட்டன் கையேந்திக்கொண்டுதான் நிற்கிறார். வெளிச்சம் தந்த சபைகள் சாதியை என்ன செய்தன? 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்றது. அதே காலத்தில் லைப்சிக் லூத்தரன் மிஷன் சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் கட்டினார்கள், 1910-ல்தான் அது இடிபட்டது. 2008-ல் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காகச் சாதிக் கிறிஸ்தவர்கள் வீடு புகுந்து அடித்தார்கள். இந்தச் சாதிக் கிறிஸ்தவர்களிடம் ‘உன் பாட்டன் எதற்காக மதம் மாறினார்’ என்று எவரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

(ராமானுஜரை இதில் இழுக்கக் கூடாது என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவரை ஸ்ரீபெரும்புதூர்க் கட்டுரையில் எப்படி விடுவது? சமத்துவச் சிலை என்று அவருக்கு ஹைதராபாத் அருகே 2022-ல் 216 அடியில் திறந்தார்கள். அவர் பிறந்த ஊரைச் சுற்றி ஊர் ஊராகவும் காலனி காலனியாகவும்தான் இன்னும் இருக்கின்றன.)

மிஷனரி கேட்ட கேள்வியை இன்று அரசு கேட்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். மதத்தை வைத்துப் பிரிக்காதே என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் சொன்னது, அது அலமாரியில் இருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகராகிவிட்ட ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றது. அடித்தவன் பைபிளைப் பார்த்து அடிக்கவில்லை, சாதியைப் பார்த்து அடிக்கிறான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெயர், சான்றிதழுக்கு ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு பிள்ளைகள் வளர்கிறார்கள். சமயம் மாறும் சுதந்திரம் அரசமைப்பில் இருக்கிறது, அதற்கு விலை மட்டும் தலித்துக்குத் தனி.

எங்கள் பகுதிக்கு இப்போதும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா, 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான். நிலம், மின்சாரம், வரிச் சலுகை, மலிவான கூலி என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். 2014-ல் நோக்கியா ஆலையை மூடிவிட்டுப் போனது. ‘தமிழ் மண்மீது உண்மையான விசுவாசத்தால் வந்தீர்களா’ என்று அவர்களிடம் யாரும் விசாரணை வைக்கவில்லை, சிவப்புக் கம்பளம்தான் விரித்தார்கள். கையகப்படுத்திய நிலத்துக்கு இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. அந்த வயலில் மூன்று தலைமுறை நடவு நட்டவருக்கு அந்தக் கூலியும் போனதுதான் மிச்சம். இப்போது பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடுகிறார்கள். அங்கும் ‘நில உரிமையாளர்களின் இழப்பு’ பேசப்படுகிற அளவுக்கு நிலமே கிடைக்காதவர்களின் இழப்பு பேசப்படவில்லை.

பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. தலித் அல்லாதவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10-ல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இருவர். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. வாட்ஸ்அப் குழுவில் அன்று அரிசி மூட்டைப் படத்துக்குப் பதிலாக நான் போட்டது இந்த இரண்டு பெயர்களையும் அந்தத் தேதியையும்தான். சிரிப்புப் பொம்மை எதுவும் வரவில்லை.

ஒவ்வொரு கிராமத்தின் ‘அ’ பதிவேட்டிலும் எந்தப் புல எண் டி.சி. நிலம் என்று இருக்கும். உங்கள் ஊருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். நான் எங்கள் ஊருக்குப் போட்டுவிட்டேன். மனுவை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘எதுக்குத் தம்பி இதெல்லாம் கேக்குற?’ என்றார். அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி மனு போடுகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அதைச் சொல்லிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.