மோதிரம் என்ன விலை?

ஒரு மோதிரம். அணிந்தவரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கவசம் எழும். எதிரியின் பகடையில் 4 கூடுதலாக விழுந்தால்தான் அடி படும். விலை 2,000 பொற்காசு. அதே பாதுகாப்பைத் தரும் கைக்காப்பு ஒன்றும் இருக்கிறது. அதன் விலை 16,000. கைக்காப்பின் விலை புத்தகத்தில் அச்சானது. மோதிரத்தின் விலை, அதே புத்தகத்திலுள்ள சூத்திரத்தின்படி ஓர் ஆட்டக்காரர் போட்டுக்கொண்டு வந்தது. கணக்கில் பிழையில்லை. தகராறு இங்கேதான் ஆரம்பம்.

புத்தகம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடு. 2003-ல் வந்த திருத்திய மூன்றாம் பதிப்பு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் இது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது இதைத்தான். தாள், பென்சில், பகடைகள், நாலைந்து நண்பர்கள், தாராளமாக நேரம் இருந்தால் போதும். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் வாள்வீரராக, மந்திரவாதியாக, திருடராக வேடம் ஏற்பார்கள். பூதத்தைக் கொன்று கிடைக்கும் பொற்காசில் மந்திரப் பொருட்கள் வாங்கலாம், செய்யவும் செய்யலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆட்டக்காரர் தானே கற்பனை செய்து கொண்டுவந்தால் டன்ஜன் மாஸ்டர் விலை சொல்லியாக வேண்டும்.

அதற்காகத்தான் சூத்திரங்கள். வாளின் மந்திர பலம் எத்தனை புள்ளியோ அதன் வர்க்கத்தை 2,000-ஆல் பெருக்க வேண்டும். ஒரு புள்ளி வாள் 2,000. ஐந்து புள்ளி வாள் 50,000. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு புள்ளியும் வெற்றி வாய்ப்பை 5 சதவீதம்தான் உயர்த்துகிறது. ஆனால் நான்கிலிருந்து ஐந்துக்குப் போக 18,000 அழ வேண்டும். பலம் ஒரே இடத்தில் குவியாமலிருக்கப் போட்ட வரி இது, நல்ல வரி. எப்போதும் இயங்கும் மந்திரத்துக்கு வேறு கணக்கு: மந்திரத்தின் படி, அதைப் போடுபவரின் படி, இரண்டையும் பெருக்கி மறுபடி 2,000-ஆல் பெருக்கு. கவச மந்திரம் முதல் படி. முதல் படி மந்திரவாதியே போடலாம். ஆகவே 2,000. வாளுக்கு வர்க்கம், மந்திரத்துக்கு வெறும் பெருக்கல். இந்த இடைவெளிக்குள்தான் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

பிரபலமான இன்னொரு உதாரணம், குறி தப்பாமல் அடிக்க உதவும் முதல் படி மந்திரம். அடுத்த ஒரு அடிக்கு மட்டும் 20 புள்ளி கூட்டித் தரும். இதையும் மோதிரத்தில் ஏற்றி எப்போதும் இயங்கச் செய்தால்? மீண்டும் 2,000. சில விநாடி மந்திரங்களுக்கு நான்கு மடங்கு என்ற அடிக்குறிப்பைக் காட்டினாலும் 8,000. இருபது புள்ளி வாள் என்று ஒன்று இருந்தால் அதன் சூத்திர விலை 8,00,000. வாள் சேதத்தையும் கூட்டுகிறது என்று பாதியைக் கழித்தாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்தான்.

கற்பனைக் காசுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். காசு கற்பனை; மேஜையில் இருப்பவர்கள் நிஜம். வாள்வீரராக ஆடும் நண்பர் மாதக்கணக்கில் சேர்த்து ஒவ்வொரு புள்ளியாகத் தன் கவசத்தை உயர்த்தியிருப்பார். பக்கத்து நாற்காலி மந்திரவாதி இரண்டு மலிவு மோதிரங்களை மாட்டிக்கொண்டு அவரைவிட நன்றாகத் தாங்கி, அவரைவிட நன்றாக அடித்தால், சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் அவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நாலாவது சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் எனக்குத் தலைப்புகள் மேல் ஒரு கண். அந்த அட்டவணையின் தலைப்பில் இருப்பது ‘மதிப்பிடுதல்’ என்று பொருள்படும் சொல், ‘விலைப்பட்டியல்’ அல்ல. அதற்கு முந்தைய பத்தியோ இன்னும் தெளிவு: புதுப் பொருளை முதலில் ஏற்கெனவே விலையுள்ள பொருளோடு ஒப்பிடு, முடியாவிட்டால் அட்டவணைக்குப் போ. அட்டவணை கட்டம் போட்டு இருப்பதால் அது சட்டமாகத் தெரிகிறது, பத்தி அறிவுரையாகத் தெரிகிறது. அரசு ஆணைகளைப் படிப்பவர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. 2009-ல் வந்த பாத்ஃபைண்டர் ஆட்டம் சூத்திரங்களைப் பெரும்பாலும் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. தகராறும் கூடவே குடிபெயர்ந்தது.

தள்ளுபடி இன்னொரு கூத்து. குறிப்பிட்ட வகுப்பினர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று நிபந்தனை வைத்தால் விலையில் 30 சதவீதம் குறையும். ‘இதை மந்திரவாதி மட்டுமே அணியலாம்’ என்று நிபந்தனை எழுதிக்கொண்டு வருபவர் யார்? மந்திரவாதி. அவருக்கு இதில் இழப்பு ஒரு காசும் இல்லை. அணிபவரை உறுத்தாத நிபந்தனைக்குத் தள்ளுபடி தரக்கூடாது என்பது என் கட்சி.

கையேட்டில் ஒரு கரண்டி உண்டு. காலிப் பாத்திரத்தில் வைத்தால் கூழ் நிரம்பும், நாளுக்கு நாலு பேர் சாப்பிடலாம். ருசி நனைந்த அட்டை மாதிரி என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. விலை 5,400. உணவு படைக்கும் மந்திரம் மூன்றாம் படி, போடுபவர் ஐந்தாம் படி, சொன்னால் இயங்கும் பொருளுக்கு 1,800, பெருக்கினால் 27,000. நாளுக்கு ஒரு முறைதான் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு. தமிழ் படித்தவருக்கு இங்கே கை சும்மா இருக்காது: எத்தனை முறை கேட்டாலும் சுரக்கும் அமுதசுரபி அப்படியானால் 27,000! ஆனால் சாத்தனாரின் கணக்கு வேறு. பாண்டிய நாட்டில் மழை பெய்து பசி ஒழிந்ததும், பாத்திரத்தோடு நின்ற ஆபுத்திரனைச் சீந்துவாரில்லை. ஆளில்லாத மணிபல்லவத் தீவில் சிக்கிக்கொண்டபோது அதைக் கோமுகிப் பொய்கையிலேயே விட்டுவிட்டான். பசித்தவர் இல்லாத ஊரில் அதற்கு என்ன விலை?

கையேட்டின் வற்றாத நீர்க்குடுவைக்கும் இதே கேள்வி. விலை 9,000. முழு வேகத்தில் திறந்தால் ஆறு விநாடிக்கு 30 காலன். நாள் முழுதும் ஓடினால் 4,32,000 காலன். கையேட்டின்படி பயிற்சியில்லாத கூலியாளுக்கு நாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு, பத்து வெள்ளிக்கு ஒரு பொன். ஆக, குடுவையின் விலை ஒரு கூலியாளின் 246 ஆண்டு சம்பளம். மழைக்காட்டில் நடக்கும் கதையில் இது ஒரு பொம்மை. பாலைவனக் கதையில் இதற்காகவே ஒரு போர் நடத்தலாம். எந்த அட்டவணையிலும் கதை நடக்கும் ஊருக்கு ஒரு கட்டம் கிடையாது.

அந்தப் பதிப்பில் எனக்குப் பிடித்த ஒரு செலவு உண்டு. பொருளைச் செய்பவர் விலையில் பாதியைக் காசாகவும், இருபத்தைந்தில் ஒரு பங்கைத் தன் அனுபவப் புள்ளிகளிலிருந்தும் கொடுக்க வேண்டும். குடுவை செய்தால் 360 அனுபவப் புள்ளி போய்விடும். கடன் வாங்கிக் கட்ட முடியாத செலவு. பாத்ஃபைண்டர் அதைத் தூக்கிவிட்டது. நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு சூத்திரத்தையே கைவிட்டு, அரிதா, மிக அரிதா என்று ஐந்து தரம் பிரித்தது. மந்திரப் பொருள் கடைச் சரக்கல்ல என்றது. சரிதான். ஆனால் இரண்டாம் தரத்துக்குச் சொன்ன விலை 101 முதல் 500 பொற்காசு வரை. பறக்கும் துடைப்பம் அந்தத் தரம்தான். அதே ஆட்டத்தில் மந்திரமே இல்லாத முழு இரும்புக் கவசம் 1,500. இரும்பின் விலையில் மூன்று பேர் பறந்துவிடலாம்.

மோதிரத்துக்கு வருவோம். ஒப்பிடச் சொன்ன பத்தியைக் காட்டி 16,000 என்று சொல்லியாகிவிட்டது. ஆட்டக்காரர் எழுந்து போய்விடுவார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரம் புது வரைபடத்தோடு வருவார்: எப்போதும் வேண்டாம், நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும், 1,800-ல் ஐந்தில் ஒரு பங்கு, 360 பொற்காசு. ஒரு நாளில் சண்டை எத்தனை மணி நேரம் நடக்கிறது என்று கேளுங்கள். சில நிமிடம் என்பார், சற்றுத் தயங்கி. நானாக இருந்தால் 4,000 சொல்லி, வாள்வீரர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, 3,000-க்கு இறங்குவேன்.