சக்கரம் சொல்வதைக் கேளுங்கள்



பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. சீருடைப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போவதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்களும் அந்த வரிசையில் உண்டு. கொஞ்சம் காதுகொடுத்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு சைக்கிள் ‘கடக் கடக்’ என்கிறது, ஒன்று ‘கரகர’ என்கிறது, இன்னொன்று கீச்சிடுகிறது. பிள்ளைகள் அதோடேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஒருநாள் சக்கரம் கோணிக்கொண்டு நின்றுவிடுகிறது. சைக்கிள் சுவரோரம் போகிறது. பிள்ளை பேருந்துக்குக் காத்து நிற்கிறது. சின்னச் சத்தத்தில் தொடங்கும் இந்தக் கதையைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடலாம் என்பதால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறேன்.

பெரிய 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போய்த் திரும்பினால் 4,500 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும், தரைக்கு அருகே வரும் போக்ஸ் கம்பிகளின் இழுவிசை சற்றே குறைந்து மறுபடி கூடுகிறது. யோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரம் பற்றி எழுதிய நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். முதலிலேயே தளர்ந்திருக்கும் கம்பி இந்த ஆட்டத்தில் இன்னும் தளரும், குறுக்கே போகும் கம்பியோடு உரசிச் சத்தம் போடும், கடைசியில் முறியும். ஒரு கம்பி முறிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகள் மேல் விழும். சத்தத்தை உடனே கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு அருகே சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர், வண்டி வந்ததும் ஸ்பானரைத் தொடமாட்டார். முதலில் கேள்விதான்: “பெடலை மிதிக்கும்போது மட்டும் வருதா, சும்மா உருளும்போதும் வருதா?” மிதிக்கும்போது மட்டும் வந்தால் குற்றம் பெரும்பாலும் சக்கரத்தில் இல்லை, பெடல், கிராங்க், காட்டர் பின், செயின் பக்கம் தேட வேண்டும். மிதிக்காமல் உருளும்போது வரும் சீரான ‘டிக் டிக்’, பிரீவீலின் இயல்பான ஓசை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுவார். சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் வந்தால், கோணலான ரிம் பிரேக் கட்டையில் இடிக்கிறது, அல்லது டயர் மட்கார்டில் உரசுகிறது. இடைவிடாமல் ‘கரகர’ என்றால் ஹப்புக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது, அல்லது பால்ஸ் தேய்ந்துவிட்டது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறதா? அச்சில் பால்ஸைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. கடைசியாகக் கம்பிகளை வீணைத் தந்திபோல் ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்ப்பார். ஒரே பக்கத்துக் கம்பிகளில் எது மட்டும் மந்தமாக ஒலிக்கிறதோ அது தளர்ந்த கம்பி.

கோட்டம் எடுக்கும்போது அவர் கை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு சாக்பீஸை ரிம்மை ஒட்டி அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். எங்கே சாய்வு இருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியின் நுனியிலுள்ள திருகான நிப்பிளை இறுக்குவார், இடப்பக்கத்தைத் தளர்த்துவார். ஒரு தடவைக்குக் கால் திருகுதான். பிறகு மறுபடி சுற்றிப் பார்ப்பார். அவசரப்பட்டு ஒரேயடியாய் முறுக்கினால் ஒரு பக்கக் கோணல் மறுபக்கம் போய்விடும்.

ஹப்பைப் பிரித்தால் பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கப்பையும் கோனையும் துடைத்து, புது கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு பால் குழி விழுந்திருந்தாலும் மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. கோனை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சரியாக அமைந்த முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால், பிரேக் எதுவும் தொடாதபோது, வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகவே கீழே இறங்கி வரும். கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் உரசல் இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

இந்த வேலையெல்லாம் நமக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அந்தச் சுதந்திரம். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நாம், ஓடவைக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். முக்கியமாக நம் பெண் பிள்ளைகளுக்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சைக்கிளை வாசலில் நிறுத்துங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், ஸ்பானரும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். முடியாத வேலையைக் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர் சைக்கிள் கடைகளில் கற்றுக்கொண்ட நுணுக்கங்களை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்