மழைநாளில் எங்கே போகலாம்?



வைகாசியில் தென்மேல் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை. கொழும்பில் வருடத்தில் பல மாதங்கள் குடையும் கையுமாகவே கழிகின்றன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வாழும் எமக்கு மழைநாள் பெரிய சோதனை. உடுப்புக் காயாது. யன்னலைத் திறக்க முடியாது. பிள்ளைகள் கைப்பேசியோடு மூலையில் இருந்துவிடுவார்கள். வயதான மாமி கதிரையை விட்டு எழும்பமாட்டார். எல்லோருடைய சினமும் கடைசியில் சமையலறையில் நிற்கும் தாயின் மேல்தான் இறங்கும்.

"கடைத்தொகுதிக்குப் போவோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே போகக் காசில்லைத்தான். ஆனால் போனபின் வெறுங்கையோடு திரும்ப முடிவதில்லை. மாதச் செலவில் அது ஒரு துண்டை விழுத்திவிடும்.

எமக்கு இன்னொரு தடையும் உண்டு. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பொலிஸ் பதிவும் அடையாள அட்டைச் சோதனையும் மறக்காது. 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. அவசியமில்லாமல் வெளியே போகாதிருப்பதே அன்று பாதுகாப்பு. யுத்தம் 2009இல் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. கோயில், சந்தை, ஆஸ்பத்திரி தவிர வேறிடம் அறியாத பெண்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே வளர வேண்டுமா?

முதலில் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். வெள்ளவத்தையிலிருந்து 100, 101 இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடிக்கலாம்.

அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது. சீனத்தில் புத்தரையும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவர நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றி, அளித்த காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் அதைக் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பகுதி எங்கே என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். இந்நாட்டில் தன் மொழி எவ்வளவு பழையது என்று நாம் பாடம் நடத்தத் தேவையில்லை, கல்லே சொல்லும்.

பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகளையும் தவறவிடாதீர்கள். அவற்றுள் காரைக்கால் அம்மையாரும் ஒருவர். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். அழகை வேண்டாம் என்று விட்டுப் பாட்டை எடுத்துக்கொண்ட பெண் அவர். எம் பெண்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய உருவம். கண்டி மன்னரின் சிம்மாசனமும் அங்கேதான். 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது. 1815க்குப் பின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது.

நூதனசாலைக்கு அண்மையில் கொழும்புப் பொது நூலகம். இன்னும் கிட்ட வேண்டுமென்றால், வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கும் நூலகம் உண்டு. வாசிப்பை மறந்த மாமிக்கும் ஒரு மழைநாள் போதும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த கோயில் அது. வெளியே மழை கொட்டும்போது உள்ளே தூண்களின் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அண்மையில் உள்ள வொல்வெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கினார்கள். பழைய கல்லறைக் கற்களும் தடித்த சுவர்களும் பிள்ளைகளுக்கு ஒரு சரித்திர வகுப்பு.

சில குறிப்புகள்:

• புறப்படுமுன் திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் தொலைபேசியில் கேளுங்கள்.

• காலையில் புறப்பட்டு, பின்னேர இடிமழைக்கு முன் வீடு சேருங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

• மாற்றுடுப்பு, சிறு துவாய், பழைய பொலித்தீன் பை, வீட்டில் கட்டிய சாப்பாடு, தண்ணீர் கொண்டு போங்கள்.

• ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க அவசரப்பட வேண்டாம். பிள்ளையிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள்.

• அயல்வீட்டில் தனியே இருக்கும் சகோதரியையும் கூப்பிடுங்கள். தனியே போகத் தயங்குபவர், துணை கிடைத்தால் வருவார்.

வாடகையும் வரியும் கட்டி இந்நகரில் வாழ்கிறோம். அதன் நூதனசாலையும் நூலகமும் எமக்கும் உரியவை. அடுத்த மழைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிடுங்கள். உடுப்பு எப்படியும் அன்றைக்குக் காயப்போவதில்லை.